லிஃப்டுக்கு எடுக்காத அளவு

நாலாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மூட்டை தூக்கி, வீடு மாற்றும் லாரி வாங்கி, முன்னுக்கு வந்தேன். விழுந்து கிடந்த ஃபிளாட் விலை மெல்ல எழுந்தபோது எனக்குத்தான் முதலில் மூக்கில் வியர்த்தது. நகரத்தின் நடுவில், ஆபீஸ்கள் நிறைந்த ஒரு தெருவில், ஒன்பதாவது மாடி ஃபிளாட் ஒன்றை வாங்கிப் போட்டேன்.

எல்லாம் என் மனைவிக்காக. அந்தத் தெரு ஆபீஸ்களைப் பெருக்கியே காலம் கழித்தவள். பக்கவாதத்தில் படுத்தபின், அந்தத் தெருவை மேலிருந்து பார்க்க ஆசைப்பட்டாள்.

குடிபோன அன்று ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் நுழையவில்லை. பீரோவுக்கு அளவெடுத்தவன் அவளுக்கு எடுக்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டேன்.

"கனக்கிறேனாங்க?"

"பின்னே? பீரோவுக்கு நாலு ஆள், உனக்கு எட்டு ஆள் வேணும்டி."

"ரொம்பத்தான்," என்று சிரித்தாள்.

தூக்கிய பொருளின் எடையைச் சரியாகச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் மகள்தான் அவளைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அன்றுதான் தெரிந்தது. துணிமூட்டை கனம்கூட அவள் இல்லை. டாக்டர் சொல்லுமுன் என் கை சொல்லிவிட்டது.

ஜன்னலோரம் படுக்கவைத்தேன். "அதோ, நான் பெருக்கின வாசல்," என்று காட்டினாள்.

ஒரு மாதம்கூடப் பார்க்கவில்லை. அவள் உடலைக் கீழே இறக்கும்போதும் நான்தான் தூக்கினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.