இரட்டை நாகசுரமும் என் தனி ஆல்பமும்

முப்பது ஆண்டுகள் நானும் என் இணை வித்துவானும் சேர்ந்தே நாகசுரம் வாசித்தோம். காஞ்சிபுரத்துக் கருடசேவை முதல் வெளியூர்த் திருமணங்கள் வரை எங்களைச் சேர்த்தேதான் அழைப்பார்கள். இருவரில் எவர் மேலானவர் என்ற பேச்சு என் காதில் விழாமலில்லை. இசையில் பட்டம் பெற்றவன் நான். அப்பேச்சுக்கு விடையாகவே சென்ற ஆண்டு சென்னையில் ஒரு தனி ஆல்பம் பதிவு செய்தேன்.

இணைந்து வாசிக்கையில், ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் சுரத்தைப் பிடித்துக்கொள்வார். கேட்பவருக்கு இடைவெளி தெரியாது. தனியே வாசித்தபோது அந்த இடைவெளிகள் அப்பட்டமாகக் கேட்டன. ஒலிப்பதிவாளர் அவற்றைக் கணினியில் வெட்டி நீக்கினார். நான் தடுக்கவில்லை.

வெளியிடுமுன் அதை என் இணை வித்துவானிடம் கொண்டுசென்றேன். முழுவதையும் கண்மூடிக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா நீ எங்கப்பா மூச்சு வாங்கினே? செத்தவன் வாசிக்கிற மாதிரி போய்க்கினே இருக்குதே!”

“அந்த இடமெல்லாம் வெட்டியாச்சு.”

“அதெல்லாம் நான் வாசிக்கிற இடம்பா,” என்றார். சிரிக்கவில்லை.

பட்டம் பெற்றவனிடம் பேசும் பேச்சா இது என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் மீண்டும் கேட்டேன். ஒவ்வொரு வெட்டிலும் என் காது அவரைத் தேடியது.

மறுநாளே ஒலிப்பதிவாளரை அழைத்து, நீக்கியவற்றைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். ஆல்பம் இடைவெளிகளோடு வெளியாயிற்று. எங்கள் இரட்டை வாசிப்புக்கு அது ஈடாகாது. பிறர் எழுதுமுன் நானே இதை எழுதிவைக்கிறேன்.