அவசர வழியில் நுழைந்த அண்ணி

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவளுக்கு, அண்ணியை நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றும். கடித்துக்கொண்டே சட்டைக் காலரை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். கடை முதலாளி அதை வேலைமேல் உள்ள அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் அவள் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. கணவன் இறந்த வருடம் தூக்கம் கெட்டு, மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். அதே ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் வேலை பார்த்த அண்ணி அவள் ஃபைலைத் திறந்து பார்த்து, "பாவம், மூளை கொஞ்சம் சரியில்ல" என்று நாலு பேரிடம் உச்சுக் கொட்டினாள். பேச்சு பெற்றோர்கள் காதுக்குப் போனது, ஆயா வேலை போயிற்று. இடுப்பை விட்டு இறங்காத ஒரு குழந்தையை அதன் அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனதை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. புகார் கொடுத்தபோது, யார் பார்த்தார்கள் என்பதற்குத் தடயமே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மேலாளர் ஒரு தட்டுத் தட்டினால் கம்ப்யூட்டரில் எல்லாம் அழிந்துபோகும் காலம் அது.

பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு பிளாக்செயின் என்ற புதுப் பதிவு முறை வந்தது. தன் ஃபைலை யார் பார்க்கலாம் என்று இனி நோயாளியேதான் போனில் அனுமதி தர வேண்டும். யார் திறந்தாலும் பல ஆஸ்பத்திரிகளின் கணினிகளில் ஒரே நேரத்தில் பதிவாகிவிடும், எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. நோயாளி நினைவில்லாமல் கிடந்தால் மட்டும் அனுமதியின்றித் திறக்க ஓர் அவசர வழி உண்டு. இதற்கான பயிற்சி வகுப்பு முழுக்க அண்ணி போனில் நகை டிசைன் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அண்ணனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அவளுக்கு அது போதும். முட்டிவலி என்று போய்க் காட்டிவிட்டு, டாக்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். அன்றே அண்ணனுக்கு போன் போட்டாள்.

"டாக்டர் என்னென்னமோ சொல்றாருண்ணே. அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாத."

மறுநாள் காலை அவள் பேன்ட் மடித்துக்கொண்டிருந்தபோது போனில் தகவல் வந்தது. அண்ணியின் பெயரில் ஃபைல் திறக்கப்பட்டிருந்தது. காரணம்: நோயாளி சுயநினைவின்றி இருக்கிறார். கீழே ஒரு கேள்வி: இது உங்கள் சம்மதத்துடன் நடந்ததா? சுயநினைவில்லாத நோயாளி வாய்விட்டுச் சிரித்தாள். உடனே பதில் போடவில்லை. அண்ணனோ அண்ணியோ கெஞ்சிக்கொண்டு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவசர வழியில் திறந்ததற்கு விசாரணை என்றதும் அண்ணி மேலாளரிடம் ஓடினாள். பழைய பழக்கத்தில் அவரும் தட்டிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. மத்தியானம் அண்ணன் வேர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்து நின்றான். அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவன்தான்.

"ஆமான்னு மட்டும் போட்டுடும்மா. வேலை போயிடும்னு அழுறா."

"நான் அழுதப்ப நீ என்னண்ணே சொன்ன?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"குடும்ப விஷயத்தைப் பெருசு பண்ணாதன்னு சொன்ன."

"இல்லைன்னு போட்டா நம்ம உறவு இத்தோட சரி. யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். பிறகு அவன் கண்ணெதிரிலேயே 'இல்லை' என்பதை அழுத்தினாள். நெஞ்சு குளிர்ந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"இதை மாத்த முடியாதா?" என்றான் அண்ணன்.

"முடியாதுண்ணே. முடிஞ்சாலும் மாட்டேன்."