லைட் அடிச்சுக் காட்டினவரு

கோபம் எனக்குப் பொறந்ததிலேருந்தே உண்டு. வாய் முந்தும், கை அதுக்கும் மேல முந்தும். எங்க வீட்டுக்காரரு அப்படியே நேரெதிர். ரோட்டுல போற நாய்க்கும் நல்லது நெனைக்கிற மனுஷன். அவரோட அந்த நல்ல மனசைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

யோங் பெங் டவுனுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில எங்க ஒட்டுக்கடை. வீடு அதுக்குப் பின்னாலேயே. நான் தே ஆத்துவேன், அவரோட தங்கச்சி வடை போடுவா, அவரு மோட்டார்ல டவுனுக்குப் போயி ஐஸ்கட்டி வாங்கிட்டு வருவாரு. நாத்தனார்னு பேருதான், அவ இல்லாம எனக்குச் சோறு இறங்காது.

டவுன்லேருந்து கடைக்கு வர்ற வழியில ஒரு பஸ் ஸ்டாப். அதுக்குப் பின்னால நிழல்ல சில நாள் போலீஸ்காரங்க முக்காலி போட்டு கேமராவை நிறுத்துவாங்க. அதைத் தாண்டி, எங்க கடை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஜீப்போட இன்னொரு போலீஸ் கூட்டம் நிக்கும். கேமராவைப் பாத்துக்கிற கார்ப்பரல் எங்க வடைக்கு அடிமை. ஒரு நாள் அவரே சொன்னாரு:

"இதுலேருந்து லேசர் ஒளி போயி வண்டி மேல பட்டுத் திரும்பும்கா. அது போயிட்டு வர்ற நேரத்தை வச்சு வேகத்தைக் கணக்குப் போட்டுடும். நம்பர் பிளேட்டோட படமும் விழுந்துடும். அவன் எங்களைப் பாத்து பிரேக் போடறதுக்குள்ள எங்க வேலை முடிஞ்சிடும். ஜீப்புக்கு வாக்கி டாக்கியில சொல்லிட்டா மடக்கிடுவாங்க."

"அப்ப ஒருத்தனும் தப்ப முடியாதா?"

"எதிர்ல வர்றவன் லைட் அடிச்சுக் காட்டினா தப்பிச்சிடறான்லா!"ன்னு சிரிச்சாரு.

நம்ம ஊர்ல அது ஒரு மரியாதை. முன்பின் தெரியாதவனா இருந்தாலும், எதிர்ல வந்தா ரெண்டு தடவை லைட் அடிச்சு, முன்னால போலீஸ் இருக்குன்னு சொல்லணும். அவன் கையைத் தூக்கி நன்றி சொல்வான். எங்க வீட்டுக்காரரு கேமராவைப் பாத்துட்டா எதிர்ல வர்ற ஒரு வண்டியைக்கூட விடமாட்டாரு. "பாவம், மாசக் கடைசியில யாரு சம்மன் காசு கட்டுவா?"ம்பாரு.

மெதுவாப் போறவன் எதுவரைக்கும் போவான்? ஜீப்பைத் தாண்டினதும் அடக்கி வச்ச வேகத்தையெல்லாம் எங்க முச்சந்தியிலதான் கொட்டுவானுங்க, பாவிங்க.

அன்னிக்கும் கேமரா நின்னுச்சு. அவரு ஐஸுக்குப் போயிருந்தாரு. எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த லோரிக்காரருக்கு தே கொடுக்க நாத்தனார் ரோட்டைத் தாண்டினா. முதல்ல ஒரு காரோட இஞ்சின் கத்தின சத்தம். அடுத்து, அரிசி மூட்டையைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு அடி. அவ காரு மேல ஏறி, கண்ணாடியை உடைச்சு, உருண்டு தார் ரோட்டுல விழுந்தா. வலது கால் முழங்காலுக்குக் கீழ வேற பக்கம் திரும்பிக் கெடந்துச்சு, எலும்பு வெளியே வந்துடுச்சு. அவ கத்தவே இல்ல.

லோரிக்காரரு சட்டையைக் கழட்டி அவ தொடையை இறுக்கிக் கட்டினாரு. நான் எண்ணெயில கெடந்த அரிகரண்டியோட ஓடினேன். கார்க்காரன் இறங்கி நின்னான். நம்ம ஆளுதான், டை கட்டியிருந்தான். மூஞ்சியிலேயே போட்டேன். தோல் வெந்து பிஞ்சுது. தோள்ல, கையில, விழுந்தப்புறம் முதுகுல. கொன்னே போட்டிருப்பேன், ஜீப்புலேருந்து ஓடிவந்தவங்க என் இடுப்பைப் புடிச்சு இழுக்கலேன்னா. கார்ப்பரலும் மூச்சு வாங்க வந்து சேந்தாரு.

அவன் மூக்கு ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டு அழுதான். "கேமராகிட்ட மெதுவாத்தான் வந்தேன் சார்! சிவப்பு ஹெல்மட் போட்ட அண்ணன், ஐஸ் பெட்டி மோட்டாரு, அவருதான் லைட் அடிச்சுக் காட்டினாரு!"

கார்ப்பரல் தலையில கை வச்சுக்கிட்டாரு. "அலமாக்... மாட்டியிருந்தா அங்கேயே நிறுத்தியிருப்போமேடா."

அப்பத்தான் பாத்தேன், எங்க வீட்டுக்காரரு என் பின்னாடி மோட்டாரோட நிக்கிறாரு. எல்லாத்தையும் கேட்டுட்டாரு. கையில இருந்த கரண்டியால மோட்டாரு லைட்டை அடிச்சேன். ஒரே அடியில உடையல. உடையிற வரைக்கும் அடிச்சேன். அவரு தடுக்கல.

நாத்தனாரோட காலை எடுத்துட்டாங்க. உயிரு தங்குச்சு.

அவளை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கு, லோரிக்காரரோட காரைக் கேட்டு வாங்கி எங்க வீட்டுக்காரரே ஓட்டினாரு. பின் சீட்டுல அவ, மடியில தலகாணி. அந்தக் கார்க்காரனுக்கு லைட் அடிச்சது இவருதான்னு அதுவரைக்கும் அவகிட்ட நாங்க சொல்லல. பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால எதிர்ல ஒரு லோரி வந்துச்சு. ரெண்டு தடவை லைட் அடிச்சான்.

எங்க வீட்டுக்காரரு கை தன்னால ஸ்டியரிங்கை விட்டு மேல போச்சு, நன்றி சொல்ல. பாதியில நின்னுச்சு. அந்தக் கையை ஓங்கி அடிச்சேன் நான்.

"அண்ணனை அடிக்காதீங்க அண்ணி,"ன்னா பின்னாலேருந்து. "அவரு எப்பவும் எல்லாருக்கும் லைட் அடிப்பாரே, எனக்குத் தெரியாதா?"

மடியில இருந்த தலகாணியை இழுத்துச் சரிபண்ணிக்கிட்டுச் சொன்னா: "ஜீப்பைத் தாண்டினப்புறமும் மெதுவாவே போண்ணே."