லித்தோ டேபிளில் ஒரு காரைக்குடி பஸ்

சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் லித்தோ மிஷினைப் புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடங்களாக இயக்குகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது அலையின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வோல்டேஜ் பற்றித்தான். நான் டிரைவர் செல்லத்துரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பேன்.

காரைக்குடி ரூட்டில் பஸ் ஓட்டுபவர். ஆள் வாட்டசாட்டம். வண்டி நிறைய ஆள் இருக்கும்போது ஸ்டியரிங்கிலேயே கல்வலி வந்து, எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். “இந்தக் கல்லு போகாம வண்டியத் தொட மாட்டேங்க” என்று சொல்லிவிட்டுத்தான் டேபிளில் படுத்தார்.

பருத்த கழுத்து; தூக்கத்தில் மூச்சு அடைக்கும் தொந்தரவு வேறு. அதனால் ஆழ்ந்த மயக்கம் கொடுக்காமல் வலி குறைக்கும் ஊசி மட்டும் போட்டார்கள். குறைந்த வோல்டேஜில் தொடங்கி மெல்ல ஏற்றினேன். கொஞ்சம் ஏறியதும் மனிதர் துள்ளினார். துள்ளினால் கல் இலக்கைவிட்டு விலகிவிடும், அடி வீண்.

“அண்ணே, ஆடாம இருங்க.”

“நான் எங்கிட்டும்மா ஆடுறேன்? ஒங்க மிஷினுதான் வர வர வேகமா அடிக்குது!”

டாக்டர் மானிட்டரைப் பார்த்தார். “இன்னொரு தடவ பாப்போம். முடியலைன்னா நிறுத்திட்டு ஆபரேஷன்தான்.”

செல்லத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபரேஷன் என்றால் முழு மயக்கம் வேண்டும், அந்தக் கழுத்துக்கு அது ஆபத்து.

மிஷின் வேகமாக அடித்தது உண்மைதான். அது ஈசிஜியோடு இணைந்தது. இதயம் ஒருமுறை துடித்தால் ஓர் அடி. பயந்தால் துடிப்பு கூடும், அடியும் கூடும், அதில் பயம் இன்னும் கூடும். ஒளிக்காமல் அவரிடமே சொன்னேன்.

“அப்ப ஆக்சிலேட்டர் என் காலடியிலதான் இருக்குங்கிறீங்களா?”

“ஆமாண்ணே. வேகத்தக் கொறைங்க.”

கண்ணை மூடினார். உதடு காரைக்குடி ரூட்டில் வரும் ஊர்களை முணுமுணுத்தது. “பஸ் ஸ்டாண்டு... நமணசமுத்திரம்... ஆடு குறுக்க வருது, மெதுவா... லேணா விளக்கு...”

‘டக் டக்’ என்று விழுந்த அடி, ‘டக்... டக்...’ என்று இடைவெளி விட்டது. வோல்டேஜை ஏற்றினேன். நெற்றி சுருங்கியது, உடம்பு அசையவில்லை.

“திருமயம்” என்றார். அங்கே ரோட்டோரம் கோட்டை பைரவர் கோயில். வண்டியை மெதுவாக்கிக் கும்பிடாமல் போகும் டிரைவரை நான் பார்த்ததில்லை. செல்லத்துரை உதட்டுக்குள்ளேயே கும்பிட்டுக்கொண்டார். மிஷினும் அந்த நேரம் நிதானித்து நிதானித்துத்தான் அடித்தது. தன் நெஞ்சையே ஒரு மனிதர் ஓட்டிக்கொண்டு போவதை அன்றுதான் பார்த்தேன்.

திரையில் கல் பொடியாகி மங்கியது. மிஷினை நிறுத்தினேன்.

“முடிஞ்சிருச்சுண்ணே. கண்ணத் தொறங்க.”

திறக்கவில்லை. “இருங்கம்மா. காரைக்குடி வந்துருச்சு. ஏறுன சனத்த எறக்கிவிட்டுட்டு வாரேன்.”

கடைசி ஆள் இறங்கும்வரை டாக்டரும் நானும் காத்திருந்தோம்.

அதே ரூட்டில்தான் இன்றும் ஓட்டுகிறார். ஊசி தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஊசி இல்லாமல் இந்த வேலை ஆகாது. ஆனால் இப்போதெல்லாம் முதல் அடிக்கு முன்னால், அது யாருடைய துடிப்புக்கு விழப்போகிறது என்று நோயாளியிடம் சொல்லிவிடுகிறேன். பிறகு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்கிறேன். வோல்டேஜெல்லாம் அதற்கப்புறம்தான்.