எட்டாம் கல்லில் நின்ற வண்டி

என் பெரிய அண்ணி பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரியில் வண்டி தள்ளினார். நோயாளி படுத்திருக்கும் ஸ்ட்ரெச்சர், அழுக்குத் துணி மூட்டை, ஆக்சிஜன் சிலிண்டர், மதியச் சாப்பாடு என்று சக்கரம் வைத்த எதுவும் அவர் கைக்கு வந்துசேரும். கம்பி பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பேசிக்கொண்டிருப்பார்.

அவர் தள்ளிக்கொண்டுபோகும் ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும்தான் போகும். அங்கே உள்ளிருந்து வேறு கை வாங்கிக்கொள்ளும், கதவு மூடிக்கொள்ளும். அந்தக் கதவுக்கு உள்ளே போய் நிற்க வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. விளக்கைத் திருப்புகிற, கருவிகளை எடுத்துவைக்கிற டெக்னீஷியன் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியே தன் ஊழியர்களில் ஆள் எடுக்கும். பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்; வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அண்ணிக்கு நாற்பத்து நான்கு.

தனித்தேர்வராக எழுதி மற்ற பாடங்களையெல்லாம் முடித்துவிட்டார். இயற்பியலில் மட்டும் இரண்டு முறை கோட்டைவிட்டார். முதல் முறை இருபத்தொன்பது. அடுத்த முறை முப்பத்திரண்டு. வேண்டியது முப்பத்தைந்து.

"மூணே மார்க்குதானே அண்ணி" என்று சமாதானம் சொல்லப் போனேன்.

"மூணு மார்க்குல மூடினாலும் கதவு மூடினது மூடினதுதான்" என்றார்.

அவரைக் கவிழ்த்தது விசை, உந்தம், ஆற்றல் மூன்றும் வரும் பகுதி. அதிலும் ஒரு கேள்வி இரண்டு முறையும் வந்திருந்தது. நேர்கோட்டில் சீரான வேகத்தில் போகும் வண்டியின்மேல் நிகர விசை எவ்வளவு? விடை சுழி. அண்ணி இரண்டு முறையும் 'தள்ளுகிறவரின் விசை' என்று எழுதிவிட்டு வந்தார். சாயங்காலங்களில் அவருக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவது நான்தான். அந்தப் பக்கம் வந்தாலே கொதித்துப்போவார்.

"சுழியாம் சுழி! இத எழுதினவரு ஒரு நாளாவது ஸ்ட்ரெச்சர் தள்ளியிருப்பாரா? நான் தள்ளினா போகுது, விட்டா நிக்குது. இதுல எங்கேருந்து வந்துச்சு சுழி?"

"மனப்பாடம் பண்ணி எழுதிடுங்களேன்."

"பண்ணேன். ஹால்ல போய் உக்காந்தா கை எழுத மாட்டேங்குது. பொய் சொல்ற மாதிரி இருக்கு."

மூன்றாவது தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறந்தார்கள். வழவழவென்று தரை, அகலமான பெரிய கற்கள், சத்தமே போடாத சக்கரங்களோடு புது வண்டிகள். பழைய கட்டடத்தின் தரை குண்டும் குழியுமானது. அங்கே வண்டி தள்ளுகிறவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் இருந்தது. லிஃப்டுக்கு நாலு எட்டு முன்னால் கையை விட்டுவிட்டு, வண்டியைச் சுற்றி முன்னால் நடந்துபோய்ப் பொத்தானை அழுத்துவார்கள். கையை விட்ட வண்டி ஓரெட்டில் தானாக நின்றுவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, உடம்புக்குத் தெரியும்.

புதுக் கட்டடத்தில் முதல் வாரத்திலேயே இரண்டு கதவுகள் நசுங்கின. மூன்றாவது அண்ணியுடையது. துணி மூட்டை வண்டியை வழக்கமான இடத்தில் விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்த நடந்தார். வண்டி அவரை முந்திக்கொண்டு போய் லிஃப்ட் கதவில் தடாலென்று மோதியது.

கதவு திறந்தது. லிஃப்ட் ஓட்டுகிறவர் தலையை நீட்டினார். "வண்டிக்குத்தான் அவசரம்போல. அத மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிடட்டுமா அக்கா?"

தலைமை நர்ஸ் ஓடிவந்தார். "தூங்கிக்கிட்டே தள்றீங்களா எல்லாரும்? நல்லவேளை, அதுல நோயாளி இல்ல!"

அண்ணி கதவைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கையை எடுத்தபிறகுதான் அது போயிருக்கிறது. அப்படியானால் தள்ளியது யார்?

ஷிப்ட் முடிந்ததும் அதே வண்டியை அதே மூட்டைகளோடு எடுத்துக்கொண்டு ஆளில்லாத பக்கம் போனார். தள்ளிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பழைய கட்டடத்துக்குக் கொண்டுபோய் அங்கே தள்ளிவிட்டார். இரண்டு எட்டில் நின்றது. வண்டி அதே வண்டி, மூட்டை அதே மூட்டை, கை அதே கை. மாறியது தரை மட்டும்.

அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றார்.

"அந்தப் புத்தகத்த எழுதினவரு கால்ல விழணும். பத்தொன்பது வருஷமா என் கை வண்டியத் தள்ளல. தரையோட சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கு. உராய்வு பின்னால எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் நான் முன்னால தள்ளியிருக்கேன். ரெண்டும் சரிக்குச் சரி. கழிச்சா என்ன மிச்சம்?"

"சுழி" என்றேன்.

"சுழி!" என்று கரண்டியை மேடையில் தட்டினார்.

அதற்குப்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. விசை முடிந்து, உந்தம் முடிந்து, ஆற்றலுக்கு வந்தார். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு, எனவே நிற்பதற்கும் நான்கு மடங்கு தூரம் வேண்டும் என்று போட்டிருந்தது. அதை நான் வாசித்த நேரம் பார்த்து அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.

"வேகம் ரெண்டு மடங்குன்னா தூரமும் ரெண்டு மடங்கு. இருபத்திரண்டு வருஷம் பிரேக் போட்ட காலு இது. எனக்குத் தெரியாததா புத்தகத்துக்குத் தெரியப்போகுது?"

"பந்தயமா?" என்றார் அண்ணி.

"என்ன பந்தயம்?"

"தோத்தா ஒரு வாரம் பாத்திரம்."

கதவுகள் நசுங்கிய கவலையில் வண்டியைத் தள்ளிச் சோதித்துப் பார்க்கத் தலைமை நர்ஸ் உடனே அனுமதி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் புதுக் கட்டடத்தின் காலி நடைவழியில் கூடினோம். வண்டியில் நான்கு தண்ணீர் கேன்கள். லிஃப்ட் ஓட்டுகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வண்டி தாண்டும் தரைக்கல்லை எண்ணுவது என் வேலை.

முதலில் விநாடிக்கு ஒரு கல் என்று தள்ளி, சாக்கட்டியால் போட்ட கோட்டில் கையை விட்டார் அண்ணி. வண்டி இரண்டு கல் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றது. அடுத்தது விநாடிக்கு இரண்டு கல். அண்ணன் நாலாவது கல்லுக்குப் போய், மாப்பிள்ளையை வரவேற்கிறவன்போலக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

"வா ராசா, வா" என்றான்.

ராசா நிற்கவில்லை. அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொள்ள, அவனைத் தாண்டி ஐந்து, ஆறு, ஏழு என்று போய் எட்டாவது கல்லைக் கடக்கிற நேரத்தில் நின்றது.

"தரை அந்தப் பக்கமா சரிஞ்சிருக்கு" என்றான் அண்ணன்.

அண்ணி வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கமிருந்து தள்ளினார். எட்டு. மறுபடியும். எட்டு.

"கேன் கனம்தான் இழுத்துக்கிட்டுப் போகுது!"

கேன்களை இறக்கிவிட்டுத் தள்ளினார். வெறும் வண்டியும் ஏறத்தாழ எட்டாவது கல்லில்தான் நின்றது. இதற்கு அண்ணியே ஒரு நிமிடம் யோசித்தார். நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

"கனம் கூடினா உராய்வும் அதே கணக்குல கூடுது. அதான் ஒரே இடத்துல நிக்குது" என்றார் மெதுவாக.

"அப்ப கனத்துக்கு ஒரு வேலையும் இல்லையா? நான் லாரியில தண்ணியோட போனாலும் தண்ணி இல்லாம போனாலும் ஒண்ணா?"

"ஏங்க, கையக் குறுக்க வச்சுப் பாருங்க."

வெறும் வண்டியை அண்ணன் ஒற்றைக் கையால் நிறுத்தினான். அதே வேகத்தில் கேன்களோடு வந்த வண்டி, இரண்டு கையாலும் பிடித்தவனை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டு போனது.

"இதுக்குப் பேரு உந்தம்" என்றார் அண்ணி. "உங்க காலுக்கு இருபத்திரண்டு வருஷமா தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

லிஃப்ட் ஓட்டுகிறவர் சிரித்த சிரிப்பில் விநாடி சொல்ல மறந்துபோனார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு தம்ளர்கள் நசுங்கின. ஆனாலும் அண்ணன் ஏழு நாளும் ஒழுங்காகப் பாத்திரம் கழுவினான். திங்கட்கிழமை, எல்லாக் கதவுக்கும் எட்டுக் கல் முன்னால் தரையில் மஞ்சள் நாடா ஒட்டப்பட்டது. அந்தக் கோட்டில் வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கத் தொடங்க வேண்டும். அதற்குப்பிறகு எந்தக் கதவும் நசுங்கவில்லை.

செய்முறைத் தேர்வு ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில். சின்ன முக்காலிகளில் பிள்ளைகளுக்கு நடுவே அண்ணி உட்கார்ந்திருந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். தேர்வாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேசையில் பொம்மை மாதிரி ஒரு தள்ளுவண்டி.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"வண்டி தள்றேன் சார்."

அவர் சிரித்துவிட்டு மேசை வண்டியைத் தள்ளிவிட்டார். "இப்ப கைய எடுத்துட்டேன். போய்க்கிட்டே இருக்கு. அத முன்னால தள்ற விசை எது?"

"முன்னால எதுவும் இல்ல சார். பின்னால இழுக்கற உராய்வு மட்டும்தான் இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முன்னால தள்ற விசையே இல்லன்னா ஏன் போகுது?"

அண்ணியின் முதுகு நிமிர்ந்தது எனக்குத் தெரிந்தது. "ஏன் போகுதுன்னு கேக்கக்கூடாது சார். போறது போய்க்கிட்டுதான் இருக்கும். ஏன் நிக்குதுன்னுதான் கேக்கணும்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த கேள்விகளை அவர் சோதிப்பதற்காகக் கேட்டதுபோல் இல்லை. எட்டுக் கல் கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்த அண்ணி, "அந்தத் தம்பிக்கு வெறும் வண்டி சமாச்சாரம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார்.

எழுத்துத் தேர்வில் அந்தப் பழைய கேள்வி வரவில்லை. அண்ணிக்கு அதில் பெரிய வருத்தம்.

முடிவு வந்த மதியம் அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கைப்பேசியில் தேர்வு எண்ணைத் தப்பாகத் தப்பாக அடித்தான். கடைசியில் நான் பிடுங்கிப் பார்த்தேன்.

"அறுபத்து நாலு!"

"எனக்கா?" என்றார் அண்ணி. கையில் ஈரத் துண்டு.

"போன தடவைக்குச் சரியா ரெண்டு மடங்கு!" என்று கத்தினான் அண்ணன். தெருவே எட்டிப் பார்த்தது.

அண்ணி துண்டை உதறிக் கொடியில் போட்டார். "அப்ப என்னைய நிறுத்தறதுக்கு இனிமே நாலு மடங்கு இடம் வேணும். எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அதற்கப்புறம்தான் அழுதார். அதுவும் அரை நிமிடம். இரண்டு மணிக்கு ஷிப்ட் இருந்தது.

பயிற்சிக்கான கடிதம் மூன்றாவது வாரம் வந்தது. முதல் நாள் பச்சை உடுப்பும் தொப்பியுமாக அண்ணி தியேட்டர் கதவுக்கு உட்பக்கம் நின்றார். நடைவழியில் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளிவந்தவர் மஞ்சள் கோட்டில் வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார். வண்டி மெல்ல மெல்ல அடங்கி, நோயாளியின் தலைமுடிகூட அசையாமல், அண்ணியின் கையில் வந்து நின்றது.

அண்ணி உள்ளே வாங்கிக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது.