நிலா தண்ணீர் கேட்ட நாட்கள்

நிலா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் மகள், ஒன்றாம் வகுப்பு. பங்குனி வெயிலில் திருப்புலிவனத்தில் யாருக்குத்தான் தாகம் இல்லை என்று சொம்பை நிரப்பிக் கொடுத்தேன். எப்போதோ நின்றுபோயிருந்த பழக்கம் திரும்பி, படுக்கையை நனைத்தாள். இவ்வளவு குடித்தால் வேறென்ன ஆகும் என்று நினைத்தேன். பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தி அனுப்பினேன்.

பிறகு வாந்தி, வயிற்றுவலி. ஒரு காலையில் அவள் மூச்சு மாறியிருந்தது. இருமலும் இல்லை, சளியும் இல்லை. வெகுதூரம் ஓடி வந்தவள்போல ஆழமாக இழுத்து இழுத்து விட்டாள். என் கணவர் குமார் கழனியிலிருந்து ஓடி வந்து பைக்கை எடுத்தார்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில், "வீசிங் மாரி கீது சிஸ்டர்" என்றேன்.

நர்ஸ் நிலாவின் சட்டையைத் தூக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். விலாவுக்கிடையே சதை உள்வாங்குகிறதா என்று பார்த்தார். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு சுத்தமா கீதே. அப்புறம் ஏன் இப்டி மூச்சு வாங்கறா?"

நகத்தை அழுத்தி விட்டார். சிவப்பு திரும்பத் தாமதமானது. வாயருகே குனிந்தார். எனக்கும் அப்போதுதான் அந்த வாடை தெரிந்தது. அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை.

"ஒண்ணுக்கு நெறைய போறாளா?"

"தண்ணி நெறைய குடிக்கிறா சிஸ்டர், அதான்."

அதற்குள் விரல்நுனியைக் குத்தியிருந்தார். சர்க்கரை மீட்டரில் எண் வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. "டாக்டர்!" என்று அவர் கூப்பிட்ட குரலில் நான் நிலாவை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் சேர்வது) என்றார் மருத்துவர்.

"கொழந்தைக்கு சக்கரையா? எங்க வூட்ல யாருக்கும் இல்லியே சார்" என்றார் குமார்.

"குழந்தைங்களுக்கு வர்றது வேற வகைங்க. நீங்க குடுத்த எதாலயும் வரல."

சலைன் மெதுவாக ஏற, காஞ்சிபுரத்துக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. வேகமாக நீர் ஏறினால் மூளை வீங்கலாம் என்றார்கள். கதவை மூடுமுன் நர்ஸ் சொன்னார்: "பேசிக்கினே போ மா. தலை வலிக்குதுன்னாலோ, பேச்சு கொளறினாலோ கூட வர்றவருகிட்ட உடனே சொல்லு. வாயில தண்ணி மட்டும் குடுத்துடாத."

"அம்மா, ஒரு முழுங்கு மா."

பாட்டில் என் மடியில்தான் இருந்தது. நனைத்த துணியால் உதட்டைத் துடைத்தேன். அவள் துணியைச் சப்பினாள். பிடுங்கிக்கொண்டேன்.

பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

"நிலா, உங்க டீச்சர் பேரு இன்னா?"

உதடு அசைந்தது. பேர் வரவில்லை. நான் கத்தினேன். ஆம்புலன்ஸில் கூட வந்தவர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

காஞ்சிபுரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்சுலின் சொட்டுச் சொட்டாக ஏறியது. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். மறுநாள் அவள் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அந்தச் சத்தம் கேட்காமல் போனபோது பதறிப் போய் நெஞ்சில் கை வைத்தேன். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத மூச்சு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

உங்கள் பிள்ளையும் ஓயாமல் தண்ணீர் கேட்டு, மெலிந்துகொண்டே போனால், வெயில் மேல் பழி போடாதீர்கள். ஒரு துளி ரத்தம் எடுத்து சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இனி வாழ்நாள் முழுவதும் அவளுக்கு ஊசி. எங்கள் வீட்டில் காலை, மாலை என்ற பேச்சு குறைந்துவிட்டது. ஊசிக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்றுதான் பொழுது போகிறது. அவள் பேசும்போதுகூட நான் மூச்சைத்தான் கேட்கிறேன்.

போன வாரம் தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்று என்னிடம் வந்தாள்.

"மா, கை நடுங்குது. சக்கரை எறங்கிட்ச்சி."

விரலைக் குத்திப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. நாளெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். இருவரும் வாசலில் உட்கார்ந்தோம். சற்றுக் கழித்து அவளே விரலை நீட்டினாள்.

சரியாகியிருந்தது. கட்டத்துக்கு ஓடினாள். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மூச்சு காதில் விழாத தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.