தட்டாமல் விட்ட கதவு

அத்தை சலவைக் கம்பெனியை விட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மதிய ஷிப்ட் தொடங்கி, உருளைகள் சூடேறி, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம் ஈரமாக நுழைந்து மறுபக்கம் அப்பளம் மாதிரி வெளியே வந்துகொண்டிருந்த நேரம். மாடியிலிருக்கும் அலுவலகத்திலிருந்து இறங்கினால் அந்தக் கூடத்தின் நடுவே நடந்துதான் வாசலுக்குப் போக முடியும். வேறு வழி கிடையாது. சாப்பாட்டு டப்பா, அலுவலகத்துக்குள் போடும் செருப்பு, மேசைமேல் வைத்திருந்த குட்டி மின்விசிறி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அத்தை நடந்தாள். யாரும் தலை நிமிரவில்லை. விரிப்பின் நுனியைப் பிடித்து உருளைக்குள் கொடுக்கிறவர்கள் கண்ணை எடுத்தால் விரல் போய்விடும், அதனால்தான் பார்க்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "மெஷின் நின்னிருந்தாலும் பாத்திருக்க மாட்டாங்க" என்று அவளே சொன்னாள்.

அப்போது நான் இங்கே இல்லை. கால் ஓரிடத்தில் நிற்காமல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். போகிற இடத்திலிருந்தெல்லாம் அத்தைக்கு மெயில் எழுதுவேன். கொஞ்ச காலமாகப் பதில் நின்றுபோயிருந்தது. கோபமாக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்து அவள் வீட்டு நாற்காலியில் பையை இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, பதில் வராத என் மெயில்கள் ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"ஏன் அத்தை, என் பேரு போட்டுத்தானே வந்துது?"

"உன் பேரு இருந்துது. பேரு இருந்தா அது நீயா?"

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கம்பெனியில் அத்தைக்கு ஆள் கணக்கு பார்க்கிற வேலை. யார் வந்தார்கள், யார் லீவு, யாருக்கு எந்த ஷிப்ட் என்பதோடு, வேலையில் சேரும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் ஸ்கேன் செய்து வைப்பதும் அவள் பொறுப்பு. முதலாளியின் அறை அவள் மேசையிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் அவர் பேச மாட்டார். எல்லாமே மெயிலில்தான் வரும். வணக்கம் கிடையாது, பேர் கிடையாது, கையெழுத்து கிடையாது. "நாளை ஷிப்ட் பட்டியல். உடனே." "பாய்லர் ஆளை மாற்று." அவ்வளவுதான். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் தந்தி.

தந்தியிடம் திருப்பிக் கேட்கக் கூடாது. அது எங்கும் எழுதி ஒட்டப்படாத சட்டம். அத்தைக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒருமுறை கதவைத் தட்டி, "எந்த ஆளை சார் மாத்தணும்?" என்று கேட்டிருக்கிறார். "படிக்கத் தெரியாதவனுக்கு ஆபீஸ்ல என்ன வேலை?" என்று அவரை ஈரத்துணி பிரிக்கிற பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து புரியாவிட்டாலும் புரிந்ததுபோல் செய்வதே அந்த அலுவலகத்தில் திறமை. அத்தை அதில் கெட்டிக்காரி. தந்தியின் பாதி வாக்கியத்தை வைத்து முழு வேலையையும் முடிப்பாள்.

அந்த மெயிலும் பாதி வாக்கியங்களில்தான் வந்தது. "எல்லார் அடையாள அட்டையும் வேண்டும். வங்கி கேட்கிறது. மதியத்துக்குள். கூட்டத்தில் இருக்கிறேன். கூப்பிடாதே." மேலே முதலாளியின் பெயர். அந்தப் பெயரைத் தொட்டால் பின்னால் ஒளிந்திருக்கும் முகவரி தெரியும் என்பதை அத்தைக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. திருடனின் அவசரமும் முதலாளியின் அவசரமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தன. மரியாதையாக எழுதியிருந்தால் அத்தை அப்போதே சந்தேகப்பட்டிருப்பாள்.

சந்தேகம் வராமலும் இல்லை. இதுவரை ஒருவருடைய அட்டையைக்கூடக் கேட்டதில்லையே என்று தோன்றியிருக்கிறது. எழுந்து அவர் அறை வாசல்வரை போனாள். கதவு மூடியிருந்தது. அடியில் விளக்கு வெளிச்சம். தட்டக் கையைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து இஸ்திரி மேலே வந்தாள். உருளைப் பகுதிக்கு மேஸ்திரி அவள், அந்தப் பட்டப்பெயரும் அதனால்தான். அத்தையைவிட வயதில் சின்னவள். இருவரும் பல வருடங்களாக மாடிப்படிக்குக் கீழே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

"என்னக்கா, கதவுக்கு ஆசீர்வாதம் பண்றீங்களா?"

"ஒண்ணு கேக்கணும்டி. கூட்டத்துல இருக்காராம்."

"உள்ள இருமற சத்தம் கேக்குதே."

"உள்ளயே கூட்டமா இருக்கும்."

"அவருக்கும் அவர் இருமலுக்குமா? கேளுங்க, என்ன, தின்னுடுவாரா?"

"உனக்கென்ன, நீ சொல்லிட்டுக் கீழ போயிடுவ. நாளைக்கு ஈரத்துணி பிரிக்கறது நான்."

இருவரும் சிரித்திருக்கிறார்கள். அத்தை கையை இறக்கிக்கொண்டாள். மேசைக்குத் திரும்பி, மொத்த அட்டைகளையும் ஒரே கோப்பாக்கி அனுப்பினாள். இஸ்திரியின் அட்டையும் அதில் இருந்தது.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் இஸ்திரி வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நின்றது. அவள் பெயரில், அவள் படத்தை வைத்து, யாரோ சிம் கார்டுகள் வாங்கியிருந்தார்கள். அந்த எண்களிலிருந்து வேறு யார் யாரையோ ஏமாற்றியிருந்தார்கள். தெருவே பார்க்க அவளை ஏற்றிப் போய், பொழுது சாயும்வரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவள் மேல் தப்பில்லை என்று சொல்லித்தான் விட்டார்கள். ஆனால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். தெருவுக்கு வண்டி வந்தது தெரியும், தப்பில்லை என்று சொன்னது தெரியாது. வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். "கம்பெனில நீ என்னதான் பண்ணிட்டிருந்த?" என்று அவள் புருஷனே கேட்டானாம்.

அட்டைகள் எப்படி வெளியே போயின என்று தேடியபோது அத்தையின் மெயில் கிடைத்தது. இஸ்திரி படியேறி வந்தாள். கத்தவில்லை.

"என் மூஞ்சியத் தூக்கி யார்கிட்டயோ குடுத்துட்டீங்களேக்கா."

"தெரியாமடி. அவர் கேட்டார்னு நெனச்சு..."

"கதவுகிட்டதானே நின்னீங்க. நானும்தானே பாத்தேன்."

அதோடு அத்தையிடம் அவள் பேச்சு நின்றது.

அத்தையை வெளியே அனுப்புவதற்கு முன் ஒரு பாடம் நடத்தினார்கள். கம்ப்யூட்டர் ஆள் ஒருவர் வந்து திரை போட்டுச் சொன்னார்: அனுப்பியவரின் பெயரை நம்பாதீர்கள், முகவரியைப் பாருங்கள், அவசரப்படுத்தினால் நிதானியுங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், சந்தேகம் வந்தால் அந்த மெயிலுக்கே பதில் போடாமல், நேரில் போயோ போனிலோ கேளுங்கள். அத்தையை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். 'நம் நிறுவனத்தில் நடந்த உதாரணம்' என்று திரையில் அவள் அனுப்பிய மெயிலே வந்தது. கடைசியில் பாய்லர்காரர் எழுந்தார்.

"அப்போ இனிமே முதலாளிகிட்டயே நேரா கேக்கலாமா?"

ஓரமாக நின்றிருந்த தந்தி, "கேக்கலாம். அவசியம்னா மட்டும்" என்றார்.

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

நான் வந்து சேர்ந்தபோது அத்தையின் உலகம் ஒரு போனுக்குள் சுருண்டு கிடந்தது. எது வந்தாலும் என்னிடம் நீட்டுவாள். மின்சார வாரியமா, பல் டாக்டரா, யாராவது வாழ்த்துச் சொல்கிறார்களா, எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி: "இது நிஜமா, பாரு." நான் பார்த்துச் சொன்னாலும் முழுதாக நம்ப மாட்டாள். அவள் காத்திருந்தது ஒரே ஆளுக்காக. இஸ்திரி ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று இருந்தாள். திட்டினாலும் சரிதான் என்பாள். போன் செய்தால் மணி அடிக்கும், எடுக்க மாட்டாள்.

ஒரு நாள் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து நின்ற விதத்திலேயே ஏதோ தெரிந்தது. முகம் கழுவித் துடைத்தவள் மாதிரி இருந்தாள்.

"இஸ்திரி மெயில் போட்டிருக்கா. நீயே பாரேன். இது நிஜம்தானே?"

பார்த்தேன். முகவரி அவளுடையதுதான். உள்ளே: "அக்கா, நம்ம ரெண்டு பேர் படம் கிடைச்சிருக்கு. இதத் தொட்டுப் பாருங்க." கீழே ஒரு நீள லிங்க். மேலே, யாருக்கெல்லாம் என்கிற வரிசையைப் பார்த்தால், அதே மெயில் கம்பெனி ஆட்களில் பாதிப் பேருக்குப் போயிருந்தது. பாய்லர்காரருக்கும் அக்கா, தந்திக்கும் அக்கா.

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் தொட்டுவிடுவாள்.

"இது அவங்க இல்ல அத்தை. அவங்க கணக்குக்குள்ள எவனோ நுழைஞ்சிருக்கான்."

அத்தை போனை வாங்கி அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் அவளையேவா?"

"ஆமா."

"அப்ப அவளுக்குச் சொல்லணும்ல."

இதற்கே பதில் போட்டால் திருடன்தான் படிப்பான் என்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் அல்லவா. போன் செய்தாள். எடுக்கவில்லை. ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து கம்பெனி கேட்டுக்குப் போனோம்.

இஸ்திரி மூன்று நான்கு பெண்களோடு வெளியே வந்தாள். கைகளில் உருளைச் சூட்டின் சிவப்பு இன்னும் இறங்கவில்லை. அத்தை நகர்ந்து அவள் வழியில் நின்றாள்.

"உன் பேர்ல யாரோ மெயில் அனுப்பறாங்கடி. பாஸ்வேர்டை மாத்திடு."

இஸ்திரி நிற்கவில்லை. அத்தையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கூட வந்தவர்களில் ஒருத்தி, "பாருடி, பாடம் எடுக்க வந்துட்டாங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பொய் மெயில் நிற்கவில்லை. வேறு வேறு வரிகளோடு வந்துகொண்டே இருந்தது. "அக்கா, அவசரம்." "அக்கா, உதவி வேணும்." வரும்போதெல்லாம் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "மாத்தாம இருக்காளே, இன்னொரு தடவை போலீஸ் வந்தா என்ன பண்ணுவா?" என்றாள். அவ்வளவு பேர் நடுவில், அதே வாக்கியத்தை, கடந்துபோகிற முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள். போகப் போகக் காவலாளியே அவளைக் கண்டால் நிழலில் ஸ்டூலை இழுத்துப் போட ஆரம்பித்தார்.

பிறகு பொய் மெயில்கள் நின்றுபோயின. ஏன் நின்றன என்று தெரியவில்லை. தெரியாததால் அத்தை அப்போதும் போனாள்.

மழை தொடங்கி, முடிந்து, வெயில் திரும்பியிருந்தது. நான் மறுபடி எங்காவது கிளம்பலாமா என்று பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை போனை நீட்டினாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. இஸ்திரியின் எண்ணிலிருந்து குறுஞ்செய்தி. லிங்க் இல்லை, படம் இல்லை.

"எப்பவோ மாத்திட்டேன். இனிமே கேட்டுக்கு வராதீங்க."